ரிஷிகேஷில் ஏழு நாள், வீட்டில் இருபது நிமிடம்

யோகா விடுமுறைக்குப் போய் வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். "அங்க இருந்தவரைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் இருநூறு செய்தி, அலுவலகத்தில் குவிந்து கிடக்கும் வேலை, துவைக்காத பள்ளிச் சீருடை. பதினைந்து நாளில் யோகா விரிப்பு அலமாரிக்குப் பின்னால் போய்விடும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. லங்காவிக்கோ பாலிக்கோ போனால், அங்கே அனுபவித்ததோடு கணக்கு முடிந்துவிடுகிறது. யோகா விடுமுறையில் அப்படி இல்லை. திரும்பி வந்த பிறகு வாழப் போகும் நாட்களுக்காகத்தான் நாம் அங்கே பணம் கட்டுகிறோம். ஆகவே அதற்குத் திட்டமிடும் முறையும் வேறாக இருக்க வேண்டும். கடந்த அக்டோபர் தொடக்கத்தில் நான் ரிஷிகேஷில் ஏழு நாள் தங்கிப் பயிற்சி செய்தேன். அந்த அனுபவத்தில், உங்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே சொல்கிறேன்.

ஒரே வரியில் ஒரு காரணம்

எதற்காகப் போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "மன அமைதி" என்று எழுதினால் போதாது. அது கிடைத்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வீர்கள்? முதுகுவலி, மூச்சுப் பயிற்சியை முறையாகக் கற்பது, கைப்பேசி இல்லாமல் ஒரு வாரம் இருந்து பார்ப்பது என்று கையில் பிடிக்கக்கூடிய ஒன்றாக இருக்கட்டும்.

எனக்கு வயது 41. கிள்ளானில் வீடு, பெட்டாலிங் ஜெயாவில் கணக்குப் பிரிவு வேலை, இரண்டு பிள்ளைகள். ஓராண்டாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. கூரையைப் பார்த்துக்கொண்டே மறுநாள் வேலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். கிளினிக்கில் டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "எல்லைக்கோட்டில் நிற்கிறது. சில மாதம் கவனித்துவிட்டு மாத்திரையைப் பற்றி முடிவு செய்வோம்" என்றார். என் அப்பா 52 வயதில் பக்கவாதத்தில் விழுந்தவர். டாக்டர் சொன்ன அந்தச் சில மாதங்களைச் சும்மா கழித்துவிட எனக்கு மனமில்லை.

நான் எழுதிய வரி இது: "இரவில் விழித்தால் மறுபடி தூங்கக் கற்றுக்கொள்ள வேண்டும்."

வீட்டில் பேச்சு எளிதாக முடியவில்லை. ஆண்டு விடுப்பு மொத்தம் 18 நாள். அதில் பள்ளி விடுமுறை, தீபாவளி, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் அடக்கம். "என்னங்க, இந்த முறை ஒரு வாரம் எனக்குன்னு எடுத்துக்கிறேன்" என்றதும் கணவர் சற்று யோசித்துவிட்டு, "போய்ட்டு வா, பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்" என்றார். மாமியார்தான் கேட்டார்: "ஏம்மா, யோகா பண்ண இமயமலைக்குத்தான் போகணுமா? இங்க பத்துமலை இருக்கே?"

நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

மலாயா டாக்டர் போன ஊர்

ரிஷிகேஷுக்கும் நம் நாட்டுக்கும் நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு தொடர்பு இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்ற இளைஞர், மருத்துவம் படித்துவிட்டு 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பானுக்கு அருகே தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். பிறகு ஜொகூர் பாருவிலும் பணியாற்றினார். பத்தாண்டு கழித்து 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். மறுஆண்டு ரிஷிகேஷில் துறவு பூண்டார். அவர்தான் சுவாமி சிவானந்தர்.

துறவியான பிறகும் அவர் மருத்துவத்தை விடவில்லை. 1927இல் லட்சுமண் ஜூலா பக்கம் இலவச மருந்தகம் நடத்தினார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். 1963இல் மறைந்தார். அவர் சங்கத்தின் கிளை பத்துமலையில் இன்றும் இயங்குகிறது. மாமியாரின் பூசை அறையில் சிவானந்தர் படம் பல காலமாக இருக்கிறது. ஆனால் அவர் சிரம்பான் பக்கம் நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்தவர் என்பது மாமியாருக்கே அன்றுதான் தெரியும். "அப்போ சரி, அந்த ஊருக்குப் போய்ட்டு வா" என்றார்.

எப்போது, எப்படிப் போவது?

ரிஷிகேஷ் இமயமலை அடிவாரத்தில், கங்கை மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரையும் நல்ல பருவம். மே, ஜூனில் வெயிலும் கூட்டமும் அதிகம். பத்ரிநாத், கேதார்நாத் போகும் யாத்திரிகர்கள் இந்த வழியாகத்தான் போவார்கள். ஜூலை, ஆகஸ்டில் கனமழை. மலைப்பாதைகளில் மண்சரிவும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் காலைக் குளிர் நம் உடம்புக்குச் சற்றுக் கடினம். மார்ச் மாதத்தில் அனைத்துலக யோகா விழா நடக்கும்போது ஊர் களைகட்டும். ஓய்வுதான் நோக்கம் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து டில்லிக்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து டேராடூனுக்கு ஒரு மணி நேர விமானம். விமான நிலையத்திலிருந்து ரிஷிகேஷுக்கு இருபது கிலோமீட்டர் அளவில் கார் பயணம். ரயில் பிடிக்கும் என்றால் டில்லியிலிருந்து ஹரித்துவார் வரை ரயிலில் போய், அங்கிருந்து காரில் போகலாம். நமக்கு இந்திய விசா தேவை. சுற்றுலா மின்விசாவிலேயே குறுகிய கால யோகா பயிற்சிக்கு இடமுண்டு. விண்ணப்பத்தில் அதைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.

தங்கல், உணவு, பயிற்சி மூன்றுக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு 1,900 வெள்ளி அளவில். விமானம், கார் எல்லாம் சேர்த்து இன்னொரு 2,000 வெள்ளி. இதைவிடக் குறைந்த செலவில் ஆசிரமங்களில் தங்கலாம். பல மடங்கு கொடுத்து ஸ்பா வசதியோடும் தங்கலாம். பயணக் களைப்போடு முதல் வகுப்பில் உட்காராமல், ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ரிஷிகேஷில் தெருவுக்குத் தெரு யோகா நிலையம் இருக்கிறது. புகைப்படத்தில் எல்லா இடமும் கங்கைக் கரையில்தான் இருக்கும்! பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர்? யார் கற்பிக்கிறார், எத்தனை ஆண்டு அனுபவம்? அறை தனியா, பகிர்ந்துகொள்வதா? சுடுநீர் உண்டா? போக முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? முடிந்தால் ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசிவிடுங்கள். உங்கள் உடல்நிலையைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்று. "200 மணி நேரப் பயிற்சி" என்று விளம்பரத்தில் பார்த்தால், அது ஆசிரியர் ஆக விரும்புவோருக்கான படிப்பு. மூன்று, நான்கு வாரம் நீளும். பாடம், தேர்வு எல்லாம் உண்டு. ஓய்வு தேடிப் போகிறவருக்கு அது ஒத்துவராது.

பெண்கள் தனியாகப் போவதானால் அறைக்கு உள்தாழ்ப்பாள், இரவில் ஆள் இருக்கும் வரவேற்பு மேசை, விமான நிலையத்தில் வந்து அழைத்துச் செல்லும் ஏற்பாடு ஆகியவற்றை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வகுப்பில் ஆசிரியர் கையால் தொட்டு உடம்பை நேராக்குவது வழக்கம். அது வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லிவிடலாம். நல்ல ஆசிரியர் அதைத் தவறாக நினைக்கமாட்டார். சொன்ன பிறகும் தொடுகிற இடத்தில் ஒரு நாள்கூடத் தங்க வேண்டியதில்லை, அது எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும் சரி.

நான் தேர்ந்தெடுத்தது தபோவன் பகுதியில் ஒரு சிறிய நிலையம். எங்கள் குழுவில் மொத்தம் 11 பேர்.

கிளம்பும் முன் இரண்டு வாரம்

முகாம் உண்மையில் தொடங்குவது இங்கேதான். முதல் வேலை, தே தாரிக்கையும் காப்பியையும் படிப்படியாகக் குறைப்பது. பல யோகா நிலையங்களில் காப்பி கிடைக்காது. தினமும் மூன்று, நான்கு கோப்பை குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும். அடுத்த இரண்டு நாளும் எரிச்சலும் சோர்வுமாகப் போகும். ஏழு நாளில் மூன்று நாள் தலைவலியில் கழிந்தால் யாருக்கு நட்டம்? நான்கு கோப்பையை மூன்றாக, மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொண்டே போனால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

இரண்டாவது, தரையில் சம்மணம் போட்டு உட்காரப் பழகுவது. நாற்காலியிலேயே வாழும் நமக்கு முக்கால் மணி நேரம் தரையில் உட்காருவதே பெரிய ஆசனம். தினமும் இரவுச் சாப்பாட்டைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பிள்ளைகளும் வேடிக்கையாகச் சேர்ந்துகொண்டார்கள்.

மூன்றாவது, டாக்டரைப் பார்ப்பது. நான்காவது, வீட்டிலும் அலுவலகத்திலும் ஒப்படைப்பு. எந்த நேரத்தில் தொலைபேசியில் கிடைப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: மலேசிய நேரம் இரவு ஒன்பதிலிருந்து ஒன்பதே கால் வரை. பிள்ளைகளோடு பேச அது போதும். அலுவலகத்துக்கு அந்த நேரமும் கிடையாது. மேலாளரிடம், "அவசரமென்றால் என் கணவரை அழையுங்கள்" என்றேன். ஏழு நாளில் ஒரு அழைப்பும் வரவில்லை.

அங்கே ஒரு நாள்

காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். ஆறு மணிக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும். ஏழு முதல் எட்டரை வரை ஆசன வகுப்பு. ஒன்பது மணிக்குக் காலை உணவு. அதுவரை மௌனம். பதினோரு மணிக்கு ஒரு மணி நேரப் பாடம். பகலுணவு, ஓய்வு. நாலரைக்கு மறுபடி ஆசன வகுப்பு. ஆறு மணிக்குக் கங்கைக் கரை. ஏழு மணிக்கு இரவு உணவு. ஒன்பதரைக்கு விளக்கணைப்பு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே காலை ஐந்தரை என்றால் நம் உடம்புக்கு எட்டு மணி. ஆகவே அங்கே எழுந்திருப்பது மலேசியர்களுக்குச் சுலபம். "நான் அதிகாலையில் எழும் ஆளாகிவிட்டேன்" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். திரும்பி வந்ததும் கணக்கு தலைகீழாகும். அங்கே ஒரு வாரம் பழகிய உடம்புக்கு இங்கே காலை ஐந்தரை என்பது நள்ளிரவு தாண்டி மூன்று மணி. வீடு திரும்பியவர்கள் முதல் வாரத்திலேயே பயிற்சியைக் கைவிடுவதற்குச் சோம்பலோடு இந்த இரண்டரை மணி நேரமும் ஒரு காரணம். முதல் வாரம் மாலையில் செய்துவிட்டு, பிறகு காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உணவு எளிமையானது. ரிஷிகேஷ் நகரத்தில் அசைவமும் மதுவும் கிடையாது. சப்பாத்தி, பருப்பு, கிச்சடி, காய்கறி, மோர். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஆசனம் செய்ய முடியாது என்பதால் எல்லோரும் தாமாகவே குறைத்துச் சாப்பிட்டோம். தண்ணீர் மட்டும் கவனம். கொதிக்கவைத்ததோ, மூடி உடைக்காத புட்டியோ தவிர வேறு வேண்டாம்.

ஆசிரியரிடம் மறைக்கக் கூடாதவை

முதல் நாள் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். இந்த நேரத்தில் கூச்சம் வேண்டாம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளையும், கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும், மூச்சை நெடுநேரம் அடக்குவதையும் தவிர்க்க வேண்டும். கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களுக்கும் தலைகீழ் நிலை ஆகாது. முதுகுத்தண்டு வட்டு விலகியவர்கள் முன்னால் வளையும் ஆசனங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இரவு உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் இடையே உள்ள நீண்ட இடைவெளியைப் பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.

எனக்குக் கபாலபாதி வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் அதைச் செய்யும்போது நான் கண்ணை மூடிச் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருப்பவர் செய்வதை எல்லாம் நாமும் செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் யோகா வகுப்பில் உடம்பைப் பிடிக்கவைக்கிறது. எங்கள் குழுவில் பினாங்கிலிருந்து வந்த 28 வயதுக் கணினிப் பொறியாளர் ஒருவர் இருந்தார். கால் விரலைத் தொட முடியாதவர். முட்டியை மடக்கிக்கொண்டு, முடிந்த அளவுக்கே குனிவார். ஏழு நாளும் வலி என்று ஒரு வார்த்தை சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் இரண்டு நாள் புதுமையில் ஓடிவிடும். மூன்றாம் நாள் தொடையும் தோளும் வலிக்கும். பிள்ளைகள் நினைவு வரும். இவ்வளவு செலவழித்து வந்து சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றும். காரணமே இல்லாமல் கண்ணீரும் வரலாம். எங்கள் குழுவில் அன்று பாதிப் பேர் முகம் வாடித்தான் இருந்தார்கள்.

அன்று நான் மாலை வகுப்புக்குப் போகவில்லை. ஆசிரியரிடம் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினேன். இப்படி ஒரு வகுப்பை விடுவதில் தவறே இல்லை. நம் ஆட்கள் பணம் கட்டிவிட்டால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி எல்லாவற்றையும் சாப்பிட்டுத் தீர்க்கப் பார்ப்போம். அங்கே அது செல்லுபடியாகாது. களைத்த உடம்புக்குத் தூக்கமும் பயிற்சிதான். நான்காம் நாள் காலையில் வலி பாதியாகக் குறைந்திருந்தது.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். தினமும் படுக்கும் முன் இரண்டே வரி: இன்று எது உடம்புக்கு இதமாக இருந்தது, எது ஒத்துவரவில்லை. இது பிறகு உதவும்.

ஊர் பார்க்க ஆசையா?

ரிஷிகேஷில் பார்க்க நிறைய உண்டு. பரமார்த்த நிகேதனிலும் திரிவேணி படித்துறையிலும் மாலை கங்கா ஆரத்தி. முனி கி ரேத்தியில் சிவானந்தர் ஆசிரமமும் அவர் சமாதியும். ராமர் பெயரிலும் சீதை பெயரிலும் உள்ள தொங்கு பாலங்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவினர் 1968இல் தங்கிய மகரிஷி மகேஷ் யோகியின் பழைய ஆசிரமம் இப்போது வனத்துறையின் கையில் இருக்கிறது. கட்டணம் கட்டிப் பார்க்கலாம். கங்கையில் ரப்பர் படகுச் சவாரியும் உண்டு.

ஆனால் இவற்றை ஏழு நாளுக்குள் திணிக்க வேண்டாம். படகுச் சவாரி வேண்டுமென்றால் முகாம் முடிந்த பிறகு ஒரு நாள் கூடுதலாகத் தங்கிக்கொள்ளுங்கள். முகாம் நாட்களில் நான் போனது இரண்டே இடம்: ஒரு மாலை ஆரத்திக்கும், ஒரு பகல் சிவானந்தர் ஆசிரமத்துக்கும். சமாதி மண்டபத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். சிரம்பானிலிருந்து இங்கே வந்து சேர்ந்த அந்த டாக்டரை நினைத்துக்கொண்டேன். மாமியாருக்காக அவர் படம் போட்ட ஒரு சிறு அட்டையை வாங்கி வந்தேன்.

ஐந்தாம் நாள் கேட்க வேண்டிய கேள்வி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் ஆசிரியரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "வீட்டில் எனக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் கிடைக்கும். என் உடம்புக்கும் என் காரணத்துக்கும் ஏற்றபடி, அந்த இருபது நிமிடத்தில் நான் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுங்கள்."

கடைசி நாள் கேட்டால் அவசரத்தில் ஏதோ சொல்வார். ஐந்தாம் நாள் கேட்டால் ஆறாம், ஏழாம் நாள் அவர் கண் முன்னாலேயே செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அங்கே தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர யாராலும் முடியாது. இருபது நிமிடத்தைக் கொண்டுவர முடியும்.

எனக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். பத்து நிமிடம் நான்கு ஆசனம்: மார்ஜாரி, பாலாசனம், புஜங்காசனம், சேதுபந்தாசனம். ஆறு நிமிடம் மூச்சு: நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுவது, அடக்குவது கிடையாது. நான்கு நிமிடம் சவாசனம். இரவில் விழித்தால் செய்வதற்குத் தனியாக ஒரு குறிப்பு: மணி பார்க்காதே, ஒருக்களித்துப் படு, அதே மூச்சை எண்ணு. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்று நிதானப்படும். உடம்பு ஓய்வுக்குத் திரும்ப அது உதவும். இதை ஆசிரியர் விளக்கிய பிறகுதான், இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை என்ற நம்பிக்கை வந்தது.

வீடு திரும்பிய பிறகு

வெள்ளிக்கிழமை இரவு வந்து சேரும்படி பயணச்சீட்டு எடுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் இரண்டு நாள் கையில் இருக்கும். விரிப்பைச் சுருட்டி வைக்காமல் எங்கே விரிப்பது என்று அந்த இரண்டு நாளில் முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் பூசை அறைக்கு வெளியே, சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆறடி இடம் இருந்தது. அதுதான் என் ரிஷிகேஷ்.

புதுப் பழக்கத்தை ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு முடிச்சுப் போடுவது நல்லது. மாமியார் காலையில் விளக்கேற்றியதும் நான் விரிப்பில் உட்காருவேன். அவர் விளக்கேற்ற மறந்த நாளே இல்லை என்பதால் எனக்கும் நினைவூட்டல் தேவைப்படவில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரத்தில் விட்டுப்போகும். அடுத்த நாள் மறுபடி தொடங்குவேன். விட்டுப்போன நாளுக்காக மறுநாள் நாற்பது நிமிடம் செய்வதில்லை.

நான்கு மாதம் ஆகிறது. மூன்று மணி விழிப்பு முற்றிலும் போய்விடவில்லை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் வருகிறது. ஆனால் பெரும்பாலும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறேன். போன மாதம் டாக்டரைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கிறது, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், தொடர்ந்து கவனிப்போம் என்றார். உப்பைக் குறைத்திருக்கிறேன், மாலையில் நடக்கவும் செய்கிறேன். ஆகவே எல்லாம் யோகாவினால்தான் என்று சொல்லமாட்டேன்.

தனியாகவா, குடும்பமாகவா?

பலர் கேட்கும் கேள்வி இது. சிறு பிள்ளைகளை அழைத்துப் போனால் அவர்களுக்கும் சலிப்பு, உங்களுக்கும் ஓய்வு இராது. தோழியோடு போனால் பேச்சிலேயே நேரம் போய்விடும். மௌன நேரத்தைக் கடைப்பிடிப்போம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கணவன் மனைவி சேர்ந்து போகலாம். ஆனால் இருவருக்கும் காரணம் வேறாக இருந்தால், இருபது நிமிடப் பயிற்சியையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பெரியவர்களின் துணை இருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் போவதே எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

பத்துமலை போதாதா?

இப்போது மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். யோகா கற்க இமயமலைக்குப் போகத் தேவையில்லை. நம் ஊரிலேயே கோயில்களிலும் சங்கங்களிலும் நல்ல வகுப்புகள் நடக்கின்றன. விடுப்போ பணமோ இல்லாதவர்கள் ஒரு வார இறுதியை ஒதுக்கி, கைப்பேசியை அணைத்து, ஒரு நல்ல ஆசிரியரிடம் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தங்களுக்கான இருபது நிமிடத்தை எழுதி வாங்கிக்கொள்ளலாம். பலனில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

தூரமாகப் போவதில் ஒரே ஒரு வசதிதான். அங்கே நம்மை யாரும் "அம்மா, என் காலுறை எங்கே?" என்று கேட்கமாட்டார்கள். சிலருக்கு அந்த ஒரு வாரம் கட்டாயம் தேவைப்படுகிறது. எனக்குத் தேவைப்பட்டது. அதைக் கேட்டு வாங்க நம் பெண்கள் தயங்க வேண்டியதில்லை.

வரும் மார்ச் கடைசியில், யோகா விழாக் கூட்டம் கலைந்த பிறகு, என் கணவர் போகிறார். அவருக்கு இடுப்புவலி. இப்போது அவர் காப்பியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கிறார். கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் இருக்கிறார். பொறுத்துக்கொள்கிறோம்.